ஒரே வக்காலத்தில் இரண்டு தரப்பு: மறுப்பதா, சம்மதம் வாங்குவதா, விலகுவதா?

அண்ணனும் தங்கையும் சேர்ந்தே வருகிறார்கள். பூர்வீக நிலத்தைச் சித்தப்பா யாருக்கோ கிரயம் செய்துவிட்டார். அந்தக் கிரயம் தங்கள் பாகத்தைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை (நீதிமன்றத்தின் உரிமை அறிவிப்பு) கேட்க வேண்டும், பாகமும் பிரிக்க வேண்டும். "ரெண்டு பேருக்கும் நீங்களே பாருங்க சார்" என்கிறார்கள். ஒரே வக்காலத்தில், அதாவது வழக்கறிஞரை நியமிக்கும் ஒரே பத்திரத்தில், கையெழுத்துப் போட இருவரும் தயார்.

இன்றைக்கு இருவருக்கும் எதிரி ஒருவர்தான். ஆனால் பாகப்பிரிவினை வழக்கில் ஒவ்வொரு வாதியும் பிரதிவாதி, ஒவ்வொரு பிரதிவாதியும் வாதி. சித்தப்பா தோற்றபின் மிச்சமிருப்பது அண்ணனுக்கு எவ்வளவு, தங்கைக்கு எவ்வளவு என்ற கேள்வி. கல்யாணத்தில் போட்ட நகைதான் அவள் பங்கு என்று அண்ணன் சொல்லக்கூடும். வாய்மொழியாக எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது என்றும் சொல்லக்கூடும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் மகளுக்கும் பிறப்பால் சம உரிமை தந்தது. வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற வாதத்தை எளிதில் ஏற்கக்கூடாது என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைத் தங்கைக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை. சொன்ன நிமிடமே அது அண்ணனுக்கு எதிரான ஆலோசனை ஆகிவிடுகிறது.

இங்கே எடுக்கக்கூடிய முடிவுகள் ஐந்து: இருவரையும் மறுப்பது, இருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கித் தொடர்வது, ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வது, அலுவலகத்துக்குள் ஆளைப் பிரித்துத் தடுப்பு வைப்பது, இப்போதைக்கு எடுத்துக்கொண்டு பிரச்சினை வந்தால் விலகுவது. நடைமுறையில் பெரும்பாலோர் யோசிக்காமலே ஐந்தாவதில் போய் நிற்கிறார்கள். ஐந்திலும் விலை அதிகம் அதற்குத்தான். அந்த விலையில் பெரும்பகுதியைக் கட்டுவதும் வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரர்தான்.

விதிகள் எங்கே கதவைச் சாத்துகின்றன

வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளில் நான்கைந்தை மனப்பாடமாக வைத்திருந்தால் போதும். விதி 14 வெளிப்படுத்தச் சொல்கிறது: தரப்பினருடன் உள்ள தொடர்பு, விவகாரத்தில் உள்ள அக்கறை ஆகியவற்றை, கட்சிக்காரரின் முடிவைப் பாதிக்கக்கூடிய அளவில், தொடக்கத்திலும் வழக்கு நடக்கும்போதும் முழுமையாகச் சொல்லவேண்டும். விதி 33 தடுக்கிறது: ஒரு வழக்கைப் போடுவது பற்றி ஆலோசனை சொல்லியிருந்தாலோ, வழக்குரை எழுதியிருந்தாலோ, ஒரு தரப்புக்காக நடந்துகொண்டிருந்தாலோ, எதிர்தரப்புக்கு ஆஜராகக்கூடாது. விதி 9 வழக்கறிஞருக்கே பணநலன் உள்ள விவகாரத்தையும், விதி 13 அவரே சாட்சியாகக்கூடிய வழக்கையும் எடுக்கக்கூடாது என்கின்றன. நெருங்கிய உறவினர் நீதிபதியாக இருக்கும் நீதிமன்றத்தில் ஆஜராவதை விதி 6 தடுக்கிறது.

இவற்றில் கவனிக்கவேண்டியது விதி 33இன் வாசகம். "கட்சிக்காரர் சம்மதித்தால் பரவாயில்லை" என்ற விலக்கு அதில் இல்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளில், தெரிந்து கொடுத்த எழுத்துபூர்வச் சம்மதம் பல முரண்களைத் தீர்த்துவைக்கும். அங்கே வெளியான கட்டுரைகளைப் படித்துவிட்டு இங்கே ஒரு சம்மதக் கடிதத்தை நம்பிப் பக்கம் மாறுகிறவர், தன்னிடம் இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நினைக்கிறார். சந்திரசேகர் சோனி வழக்கில், 1983இல், ஒரு குற்ற வழக்கில் ஒரு தரப்புக்கு ஆஜராகிவிட்டு அடுத்த தரப்புக்கு மாறியதைத் தொழில் ஒழுங்கீனம் என்றே உச்ச நீதிமன்றம் கண்டது.

முதல் வழி: மறுப்பது

ஐந்தில் மலிவானது இது. ஆனால் மலிவாக இருப்பது முதல் பத்து நிமிடம்தான். நம் ஊரில் கட்சிக்காரர் உட்கார்ந்ததும் கதையைக் கொட்டுவார், ஆவணக் கட்டைப் பிரித்து மேசையில் பரப்புவார். ரகசியம் காதில் விழுந்த பிறகு மறுத்தாலும், எதிர்தரப்பு நாளைக்கு வரும்போது அவரையும் எடுக்கமுடியாது. ஆலோசனை சொன்னாலே விதி 33 வந்துவிடும். சிறிய ஊர்களில் இதைத் தந்திரமாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஊரில் பேர் பெற்ற நாலு வக்கீல்களிடமும் ஒருமுறை கட்டைக் காட்டிவிட்டால், எதிராளிக்கு அந்த நால்வரும் கிடைக்கமாட்டார்கள்.

அதனால் முதல் பேச்சில் பெயர்கள் மட்டும். உங்கள் பெயர், அப்பா பெயர், ஊர், எதிர்தரப்பில் யார் யார், எந்த நீதிமன்றம், ஏற்கெனவே எந்த வக்கீலிடம் போனீர்கள், சொத்து என்றால் சர்வே எண். கட்டை வாங்காதீர்கள். குமாஸ்தாவும் வாங்கக்கூடாது.

இந்தப் பெயர்களைத் தேடிப் பார்க்க ஒரு பதிவேடு வேண்டும். குடும்பப் பெயர் உள்ள ஊர்களுக்காக எழுதிய மென்பொருள் இங்கே தடுமாறும். எஸ். முருகன் என்று ஒரு தாலுகாவிலேயே நூறு பேர் இருப்பார்கள். பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வரும். லட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். பெயர்த் தேடல் ஏமாற்றுகிற இடத்தில் அப்பா அல்லது கணவர் பெயர், ஊர், சர்வே எண், விபத்து வழக்கென்றால் வண்டி எண், கம்பெனியென்றால் இயக்குநர் பெயர்கள் காப்பாற்றும். சர்வே எண்ணை உட்பிரிவு இல்லாமல் தேடவேண்டும். 112/3 என்று இருந்தது இன்றைக்கு 112/3ஏ1 ஆகியிருக்கும். பழைய வழக்குகளின் பட்டியல் கைவசம் இல்லையென்றால் நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரையே வழக்கறிஞர் பெயராகப் போட்டுத் தேடி, வருகிற வழக்குகளிலிருந்து பதிவேட்டைக் கட்டலாம். ஆலோசனை மட்டும் சொன்னவை, நோட்டீஸ் மட்டும் அனுப்பியவை, லீகல் ஒப்பீனியன் கொடுத்தவை எந்தத் தளத்திலும் இருக்காது. மறப்பதும் அவைதான்.

மறுத்ததை எழுத்தில் சொல்லுங்கள். மூன்று வரி போதும்: உங்கள் வழக்கை நாங்கள் எடுக்கவில்லை, ஆவணம் எதையும் பார்க்கவில்லை, காலக்கெடு ஓடக்கூடும் என்பதால் உடனே வேறு வழக்கறிஞரைப் பாருங்கள். காலக்கெடு பற்றிய வரியை விட்டால் ஆபத்து. திரும்பி வந்த காசோலை என்றால் வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். வந்தவர் "வக்கீலிடம் சொல்லியாச்சு" என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். காரணத்தை மட்டும் சொல்லவேண்டாம். "உங்கள் எதிராளி போன வாரம் வந்தார்" என்பதே அந்த எதிராளியின் ரகசியம்.

பேச்சே தேவையில்லாமல் மறுக்கவேண்டியவையும் உண்டு. நீங்கள் கடன் கொடுத்தவராக இருக்கும் திவால் மனு, நீங்கள் இயக்குநராக உள்ள கம்பெனியின் வழக்கு, வழக்கில் உள்ள சொத்தைக் கட்சிக்காரரிடமிருந்தே வாங்குவது. பி.டி. குப்தா வழக்கில், 1997இல், தகராறில் இருந்த சொத்தைத் தன் கட்சிக்காரரிடம் வாங்கிய வழக்கறிஞர் ஓராண்டு தொழில் செய்வதிலிருந்து நிறுத்தப்பட்டார்.

இரண்டாம் வழி: சம்மதம் வாங்கித் தொடர்வது

இது தவறான வழி இல்லை. ஆனால் பொருந்துகிற இடம் குறைவு. இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தால்தான் பொருந்தும்: இருவரும் நீதிமன்றத்தில் கேட்பது ஒன்றேயா? ஒருவர் ஜெயித்தால் மற்றவர் பங்கு குறையாதா? ஒரே கிராமத்தில் நிலம் எடுக்கப்பட்ட பத்து விவசாயிகள் இழப்பீட்டை உயர்த்தக் கேட்டால், அவரவர் நிலம் தனி, ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையாது. ஒரே வக்கீல் போதும். அதே பத்துப் பேருக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை என்று சமரசம் வந்தால், அன்றைக்கே முரண் பிறக்கிறது.

விபத்து இழப்பீட்டு வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பேனல் வக்கீலே (கம்பெனி தன் பட்டியலில் வைத்திருக்கும் வக்கீல்) வண்டி உரிமையாளருக்கும் வக்காலத்துப் போடுவதைப் பார்க்கலாம். இருவரும் பிரதிவாதிகள், இருவரும் இழப்பீடு குறைய வேண்டும் என்பவர்கள், அதனால் பொருந்தும் போலத் தோன்றும். ஓட்டுநருக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று தெரிந்த அன்று எல்லாம் தலைகீழாகும். கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற நிலை, ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உறுதியானது. அந்த உத்தரவை வாங்கித் தருவது கம்பெனி வக்கீலின் வேலை, தடுப்பது உரிமையாளர் வக்கீலின் வேலை. எவ்வளவு சம்மதக் கடிதம் வாங்கினாலும் இரண்டையும் ஒருவர் செய்யமுடியாது.

பரஸ்பர சம்மத விவாகரத்து இன்னொரு பொறி. மனுவே கூட்டு மனு என்பதால் ஒரே வக்கீல் போதும் என்று இருவரும் நினைப்பார்கள். செலவும் மிச்சம். ஆனால் தீர்ப்பு வரும்வரை சம்மதம் நீடிக்கவேண்டும், அதுவரை யார் வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது 1991 சுரேஷ்டா தேவி வழக்கிலிருந்து உள்ள நிலை. ஜீவனாம்சத் தொகை போதாது என்று மனைவி, முதல் மனுவுக்குப் பின் சம்மதத்தை உறுதிசெய்யும் இரண்டாவது மனுவுக்கு முன் பின்வாங்கினால், அந்த வக்கீல் இருவருக்கும் ஆகாதவர். தொகை பற்றிப் பேசிய எல்லாமும் அவருக்குத் தெரியும். இருபக்கமும் தனித்தனி வக்கீல், ஒருவர் வரைவை மற்றவர் சரிபார்ப்பது என்பது இங்கே ஆடம்பரம் இல்லை. கூட்டுமனுவை ஒருவரே வரையத்தான் வேண்டுமென்றால், தான் யாருடைய வக்கீல் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவரைக் கையெழுத்துக்கு முன் வேறொருவரிடம் காட்டிவரச் சொல்லவேண்டும்.

குற்ற வழக்கில் ஜாமீன் கட்டத்தில் இரண்டு மூன்று எதிரிகளுக்கு (குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு) சேர்ந்து ஆஜராவது வழக்கம். பெரும்பாலும் கெடுதல் இல்லை. விசாரணைக்கு அப்படியே போகவேண்டாம். "அடித்தது நான் இல்லை, அவன்" என்பது முதல் எதிரியின் நல்ல வாதமாக இருக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 343இன்கீழ் ஒருவர் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக, அதாவது அப்ரூவராக மாறலாம். உடன் எதிரியின் ஒப்புதல் வாக்குமூலத்தை மற்றவருக்கு எதிராக நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் (இன்றைய சாட்சியச் சட்டம்) பிரிவு 24 சொல்கிறது. அப்ரூவர் ஆகலாமா என்ற ஆலோசனையை ஒருவருக்குச் சொல்லும் கடமையும், அது நடக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் ஒரே தோளில் ஏறக்கூடாது. பணம் இல்லை என்று சேர்ந்து வந்தால், இரண்டாமவரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். அங்கே கட்டணமில்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார்.

பொருந்துகிற இடத்தில் சம்மதக் கடிதம் எப்படி இருக்கவேண்டும்? தமிழில், ஒரு பக்கம். யார் யாருக்கு ஆஜராகிறோம். முன்பு யாருக்கு என்ன வேலை செய்தோம். எந்தெந்த இடத்தில் உங்கள் நலன் பிரியக்கூடும் என்பதைப் பெயர் சொல்லி: "பங்கு விகிதம் பற்றி உங்களுக்குள் தகராறு வந்தால்" என்பது போல. ஒருவர் என்னிடம் தனியாகச் சொல்வதை மற்றவரிடம் மறைக்கமாட்டேன். பிரிந்தால் இருவரையும் விட்டு விலகுவேன், ஒருவருக்குத் தொடரமாட்டேன். விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும். படித்துவிட்டு வேறு வக்கீலிடம் கேட்க மூன்று நாளாவது அவகாசம் கொடுங்கள். மேசையிலேயே கையெழுத்து வாங்கிய காகிதம் பின்னால் நிற்காது. குடும்பத் தலைவர் எல்லோருக்கும் சேர்த்துச் சம்மதிப்பதும் செல்லாது. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்கவேண்டும். அந்தத் தங்கையிடம் அண்ணன் இல்லாத நேரத்தில் கேட்டால் பதில் வேறாக வருவது அபூர்வம் இல்லை.

மூன்றாம் வழி: ஒருவரை மட்டும் எடுப்பது

அண்ணன் தங்கை வழக்குக்கு இதுதான் சரி என்பது என் முடிவு. யாருடைய கதையையும் கேட்பதற்கு முன் ஒருவரை எடுத்துக்கொண்டு, மற்றவரை அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள வக்கீலிடம் அனுப்பவேண்டும். இருவரும் ஒரே வழக்கில் இரண்டு வாதிகளாகவோ, ஒருவர் வாதியாகவும் மற்றவர் ஆதரிக்கும் பிரதிவாதியாகவும் இருக்கலாம். சித்தப்பாவுக்கு எதிராக இரு வக்கீல்களும் சேர்ந்து வேலை செய்யலாம். செலவு கூடும், உண்மைதான். பங்குத் தகராறு வந்து நடுவழியில் இருவரும் வக்கீல் இல்லாமல் நிற்பதைவிட அது குறைவு.

பழைய கட்சிக்காரருக்கு எதிராக வேறொரு விவகாரம் வரும்போதும் இந்தக் கேள்வியே. விதி 33 அதே விவகாரத்தைத்தான் சொல்கிறது, இது வேறு வழக்குத்தானே என்று நிம்மதி அடைவார்கள். ரகசியக் கடமை அப்படி முடிவதில்லை. பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் பிரிவு 132இன்படி, கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவர் சொன்னதை எப்போதும் வெளியிடக்கூடாது. வேலை முடிந்த பிறகும் அது தொடரும். ஒரு வியாபாரியின் வரி வழக்கை முடித்துக் கொடுத்தவரிடம் இரண்டு வருடம் கழித்து அவர் மனைவி ஜீவனாம்சம் கேட்டு வருகிறார். வழக்கு வேறு. ஆனால் கணவரின் உண்மையான வருமானம் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததைப் பயன்படுத்தினால் கணவருக்குத் துரோகம், பயன்படுத்தாமல் குறுக்கு விசாரணை செய்தால் மனைவிக்குத் துரோகம். எடுக்காதீர்கள். அதே வியாபாரியின் பக்கத்து வீட்டுக்காரர் வேலித் தகராறுக்கு வந்தால் எடுக்கலாம், விதி 14இன்படி பழைய தொடர்பைச் சொல்லிவிட்டு.

வீட்டுக்கடன் விவகாரத்தில் வங்கியின் பேனல் வக்கீல் 30 வருட வில்லங்கம், மூலப்பத்திரம் எல்லாம் பார்த்து ஒப்பீனியன் கொடுக்கிறார். வீடு வாங்குபவரே கட்டணத்தைக் கட்டுவதால் அந்த வக்கீல் தனக்கும் வக்கீல் என்று அவர் நம்புகிறார். இல்லை. ஒப்பீனியனின் முதல் பத்தியிலேயே இது வங்கிக்காக எழுதியது, வாங்குபவர் தனியாக ஆலோசனை பெறவேண்டும் என்று எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே முடியும்.

நான்காம் வழி: அலுவலகத்துக்குள் தடுப்பு

பெரிய சட்ட நிறுவனங்களில் ஆளையும் கோப்பையும் பிரித்து வைத்து, இது போதும் என்பார்கள். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1998 டிசம்பரில் புருனே இளவரசர் ஜெஃப்ரி போல்கியாவுக்கும் தணிக்கை நிறுவனமான கேபிஎம்ஜிக்கும் நடந்த வழக்கில் இதைக் கடுமையாகச் சோதித்தது. அந்த நேரத்துக்கென்று எழுப்பிய தடுப்பு போதாது, ரகசியம் கசியாது என்று நிரூபிக்கும் பாரம் நிறுவனத்தின்மேல்தான் என்று சொல்லி, தடை விதித்தது. இரண்டு அறை, ஒரு குமாஸ்தா, ஒரே வாட்ஸ்அப் குழு என்று இயங்கும் நம் அலுவலகங்களுக்கு இது வழியே இல்லை. இரண்டு மூன்று வக்கீல்களுக்குப் பொதுவாக ஒரே குமாஸ்தா வேலை பார்ப்பது இங்கே சாதாரணம். பிரிவு 132 குமாஸ்தாக்களையும் ஊழியர்களையும் கட்டுப்படுத்துகிறது, ஆனால் அவர்கள் கையில் இரு தரப்புக் கட்டும் இருப்பதை அது தடுக்காது. தடுப்பு வைக்கலாமா என்று யோசிப்பதைவிட, அந்தக் குமாஸ்தா யார் யாரிடம் வேலை செய்கிறார் என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது பயன் தரும்.

ஜூனியர்கள் இடம் மாறும்போதும் இதே சிக்கல். அச்சடித்த வக்காலத்தில் சீனியரோடு நாலைந்து ஜூனியர்களின் பெயரும் இருக்கும். ஒருவர் விலகி எதிர்தரப்பு அலுவலகத்தில் சேர்ந்தாலும் பழைய வக்காலத்தில் பெயர் உயிரோடு இருக்கும். சேர்வதற்கு முன் இரு அலுவலகமும் நிலுவை வழக்குகளின் தரப்பினர் பெயர்களை மட்டும் ஒப்பிட்டு, மோதுகிறவற்றில் ஜூனியரின் பெயரை நீதிமன்ற அனுமதியோடு நீக்கவேண்டும். பெயரை நீக்கினாலும் அந்த வழக்கை அவர் புதிய அலுவலகத்தில் தொடக்கூடாது.

ஐந்தாம் வழி: நடுவில் விலகுவது

சில நேரம் வேறு வழி இருக்காது. வழக்கு நடக்கும்போது புதிய பிரதிவாதி சேர்க்கப்படுவார், அவர் உங்கள் பழைய கட்சிக்காரராக இருப்பார். அல்லது நீங்கள் எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் போட்ட உயில் வழக்குக்குள் வரும். உயிலை நிரூபிக்கச் சான்றொப்பமிட்ட சாட்சி ஒருவராவது தேவை என்பதால் விதி 13 குறுக்கே நிற்கும். எழுதிக் கொடுப்பவர் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே இந்த ஒன்றை முழுதாகத் தவிர்க்கலாம். அதற்காக எதிர்தரப்பு உங்கள் பெயரைச் சாட்சிப் பட்டியலில் சேர்த்ததும் விலகவேண்டியதில்லை. எதிர்தரப்பு வழக்கறிஞரின் சாட்சியம் எப்படிப் பொருத்தமானது என்று காட்டாமல் அவரைப் பட்டியலில் சேர்க்க அனுமதிக்கக்கூடாது என்று 2011இல் கொக்கண்ட பூண்டச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எந்தக் கட்டத்தில் விலகுகிறீர்கள் என்பதே கட்சிக்காரருக்கு ஆகும் சேதத்தைத் தீர்மானிக்கிறது. எழுவினாக்கள் (வழக்கில் தீர்க்கவேண்டிய கேள்விகள்) வனைவதற்கு முன் என்றால் புதிய வக்கீல் ஒரு வாரத்தில் கட்டைப் படித்துவிடுவார். வாதியின் முதல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து முடித்த பிறகு என்றால், எந்தக் கேள்வி ஏன் கேட்கப்பட்டது, எது வேண்டுமென்றே விடப்பட்டது என்பது உங்களோடு போய்விடும். பெரிய கட்சிக்காரரை வைத்துக்கொள்ளச் சிறியவரை விட்டுவிடுவது விலகல் ஆகாது. இருவருக்கும் அதே விவகாரத்தில் ஆஜராகியிருந்தால் விட்டவருக்கு எதிராகத் தொடர்வதையும் விதி 33 தடுக்கும். போனால் இரண்டையும் விட்டுப் போகவேண்டும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 3 விதி 4இன்படி, வக்காலத்து நீதிமன்ற அனுமதியோடு எழுத்தில் முடிக்கப்படும்வரை நடப்பில் இருக்கும். "இனி வரமாட்டேன்" என்று போனில் சொல்வது விலகல் இல்லை; அடுத்த வாய்தாவில் கட்சிக்காரர்மேல் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே உத்தரவு, ஆகும். முதலில் கட்சிக்காரருக்குப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியுடன் தபால், அதில் அடுத்த வாய்தா தேதி, நடக்கவேண்டிய வேலை, ஓடிக்கொண்டிருக்கும் காலக்கெடு. பிறகு நீதிமன்றத்தில் மனு. மனுவில் "தொழில்முறைக் காரணங்களால் தொடர இயலவில்லை" என்பதோடு நிறுத்துங்கள். நீதிபதி கேட்டாலும் ரகசியம் வெளிப்படாத அளவுக்கே பதில். புதிய வக்கீல் வைக்க அவகாசம் கேட்டு, அனுமதி வரும்வரை ஆஜராகிக்கொண்டிருக்கவேண்டும். புதியவர் ஆஜராக விதி 39 கேட்கும் பழைய வக்கீலின் சம்மதத்தைக் கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி இழுத்தடிக்கக்கூடாது.

கட்டையும் அப்படித்தான். கட்டணத்துக்காகக் கோப்பைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை, திருப்பித் தர மறுப்பது ஒழுங்கீனம் என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000த்தில் தீர்ப்பானது. விதி 12இன்படி, உழைக்காத பங்குக் கட்டணம் திரும்பவேண்டும். மூல ஆவணங்களை எண்ணிட்டுப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கூட்டாக வந்த அண்ணன் தங்கை என்றால் மூலப்பத்திரம் யார் கைக்கு என்ற சண்டை அங்கேயே தொடங்கும். அதை இருவரில் ஒருவரிடம் கொடுக்காமல், இருவருக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடுவது நல்லது. சான்றிட்ட நகல் இருவருக்கும் கிடைக்கும்.